கரும்புத் தோட்டத்துப் பட்டாளம்

இரண்டாம் உலக மகாயுத்தத்தைப் பொருளாகக் கொண்டு திரையில் ஆடப்பெறும் துப்பாக்கிச் சண்டை ஆட்டங்கள், இன்று நகரத்துப் பிள்ளைகளிடையே மட்டுமின்றித் தோட்டத்துப் பிள்ளைகளிடையேயும் பரவி நிற்கின்றன. ஆடுகின்றவன் தன்னை ஒரு சிப்பாயாக வரித்துக்கொள்கிறான், சுடுகிறான், சுடப்பட்டு விழுகிறான், சில நொடிகளில் புத்துயிர் பெற்று மீண்டும் எழுந்து ஓடுகிறான். 1999-இல் ‘மெடல் ஆஃப் ஹானர்’ என்னும் ஆட்டமும், 2003-இல் ‘கால் ஆஃப் டியூட்டி’ என்னும் ஆட்டமும் வெளிவந்த நாள் தொட்டு, இவ்வகை ஆட்டங்களில் அமெரிக்கச் சிப்பாய் என்றால் பெரும்பாலும் வெள்ளை முகத்தவனே. ஜப்பானிய முகம் தோன்றுமாயின் அது சுடப்பட வேண்டிய பகைவனின் முகமாகவே தோன்றும். இந்நிலையில், ஜப்பானிய வமிசத்தில் பிறந்து அமெரிக்காவுக்காகப் போராடிய 442-ஆவது காலாட்படை ரெஜிமெண்டையும் இவ்வாட்டங்களில் சேர்க்க வேண்டும் என்னும் கோரிக்கை ஆட்டக்காரர்களிடையே எழுந்திருக்கிறது. கோரிக்கை நியாயமானதே. எனினும், அப்படையைத் திரைக்குக் கொண்டுவருவோர் எதையெல்லாம் உடன் கொண்டுவரவேண்டியவராவர் என்பதை ஆராய்வது அவசியம் என எண்ணுகிறோம்.

முதலில் நம் நாட்டு நேயர்களுக்கு ஒரு வார்த்தை. மலாயாத் தோட்டங்களில் ‘ஜப்பான்காரன்’ என்ற சொல் அச்சத்தோடு உச்சரிக்கப்பட்ட காலம் ஒன்றுண்டு. 1942 முதல் 1945 வரை அவர்களுடைய ஆட்சியில் நம் பாட்டன்மார் பல்லாயிரவர் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டு போகப்பட்டதையும், அவர்களுள் பெருந்தொகையினர் திரும்பி வாராததையும் அறியாத குடும்பம் நம்முள் குறைவு. அச்சொல்லைக் கேட்டவுடன் நம் நெஞ்சு கடினமாவது இயற்கை. ஆனால் யாம் இங்கு எடுத்துரைக்கப் போகும் மனிதர்கள் அச்சேனையைச் சேர்ந்தவரல்லர். தோக்கியோவின் சக்கரவர்த்தியை அவர்கள் கண்டதுமில்லை, அவனுக்காக வாளேந்தியதுமில்லை. அவர்களுள் பெரும்பகுதியினர் நம்மைப் போலவே தோட்டத்துக் கூலிகளின் பிள்ளைகள்.

ஹவாய்த் தீவுகள் தனியரசாக இருந்த காலத்தில், அங்கே கரும்புத் தோட்டம் நடத்திய வெள்ளை முதலாளிகள் ஆள் தேடினர். 1885-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ‘சிட்டி ஆஃப் தோக்கியோ’ என்ற கப்பலில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட ஜப்பானியர் ஹொனலூலுத் துறைமுகத்தில் வந்திறங்கினர். மூன்றாண்டு ஒப்பந்தம், ஆண் கூலிக்கு மாதம் ஒன்பது டாலர் சம்பளம், சாப்பாட்டுப் படி தனி. அதன் பின் பத்தாண்டுக்குள் ஏறத்தாழ முப்பதினாயிரம் பேர் இவ்வாறு ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தனர். குதிரை மீதமர்ந்து கையில் சவுக்கேந்தி வேலை வாங்கிய மேற்பார்வைக்காரனை அவர்கள் ‘லூனா’ என்றழைத்தனர். ஒவ்வொரு கூலிக்கும் ‘பாங்கோ’ எனப்பட்ட எண் பொறித்த உலோக வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது; அதைக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுவாரில்லை, எண்தான் பெயர். சம்பளத்துக்கும் அந்த எண், தோட்டக் கடையில் கடனுக்கும் அந்த எண். கங்காணியையும் பிரட்டையும் தோட்டத்துக் கடைக் கணக்கையும் அறிந்த நம்மவர்க்கு இதனை மேலும் விவரிக்க வேண்டுமோ?

அடங்கியே கிடந்தார்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். 1909-இல் ஓவாஹுத் தீவில் சுமார் ஏழாயிரம் ஜப்பானியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஒரே வேலைக்கு இனத்துக்கு இனம் வேறு வேறு கூலி கொடுப்பது என்ன நீதி என்று கேட்டனர். 1920-இல் பிலிப்பினோத் தொழிலாளரோடு கைகோத்து மீண்டும் நிறுத்தினர். அவ்வமயம் முதலாளிகள் ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தோட்டத்து வீடுகளினின்றும் தெருவுக்குத் தள்ளினர். இக்குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள், அமெரிக்க மண்ணில் பிறந்த காரணத்தால், சட்டப்படி அமெரிக்கப் பிரஜைகள். ஆனால் பெற்றோர்க்கோ, எத்தனையாண்டு உழைத்தாலும் அமெரிக்கப் பிரஜாவுரிமை பெறும் வழியே கிடையாது. வெள்ளையரும் கறுப்பரும் பெறலாம், ஜப்பானில் பிறந்தவர் பெறலாகாது என்பது அந்நாளைய சட்டம். இச்சட்டம் 1952 வரை நின்றது.

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின. அன்று முதல் இப்பிள்ளைகளின் பிரஜாவுரிமைக்கு மதிப்பின்றிப் போயிற்று. ஹவாயில் காவற்படையிற் சேர்ந்து துப்பாக்கி ஏந்தி நின்ற கல்லூரி மாணவர்கள் 1942 ஜனவரியில் வம்சம் காரணமாக வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் 169 பேர், துப்பாக்கி தராவிட்டால் மண்வெட்டியாவது தாருங்கள் என்று விண்ணப்பித்துக்கொண்டு, சாலை போடவும் கல் உடைக்கவும் சென்றனர். அமெரிக்கப் பெருநிலத்தில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. 1942 பிப்ரவரி 19-ஆம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண் உத்தரவில் கையெழுத்திட்டார். அதன்படி மேற்குக் கரையோரம் வாழ்ந்த ஜப்பானிய வமிசத்தார் ஏறத்தாழ 120,000 பேர், வீடும் நிலமும் கடையும் படகும் விட்டு, கையில் தூக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு முகாம்களுக்குச் சென்றனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் பிறப்பினால் அமெரிக்கப் பிரஜைகள். விசாரணையில்லை, குற்றச்சாட்டில்லை. தாய் தந்தையற்ற குழந்தைகளைக் கூட அநாதை இல்லங்களினின்று பொறுக்கியெடுத்து மன்சனார் முகாமில் வைத்தனர். தொட்டிலிற் கிடக்கும் குழந்தையிடம் என்ன இராஜத்துரோகம் கண்டார்களோ! பிறப்பே குற்றம் என்று விதிக்கும் புத்தி நம் நாட்டுப் புரோகிதர்க்கு மட்டும் உரியதென்று நினைத்திருந்தோர், அதனை நாகரிகத்தின் சிகரமெனப்பட்ட தேசத்துச் சேனாதிபதிகளிடமும் கண்டுகொள்ளலாம்.

இதில் ஓர் உண்மையைக் கவனிக்க. போர்முனைக்கு மிக அருகிலிருந்தது ஹவாய். அங்கே ஜனத்தொகையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஜப்பானிய வமிசத்தார். அபாயம் உண்மையானதாயின் முதலில் அடைக்கப்பட வேண்டியவர் அவர்களே. ஆனால் அங்கே மதகுருமார், பள்ளி ஆசிரியர் முதலாய ஓராயிரத்துச் சொச்சம் பேரைத் தவிர மற்றவரை அடைக்கவில்லை. என்னை? அவர்களை அடைத்துவிட்டால் கரும்பு வெட்டுவது யார், துறைமுகத்திலும் தச்சுப் பட்டறையிலும் வேலை செய்வது யார்? கலிபோர்னியாவிலோ ஜப்பானியர் தாமே பயிரிட்டு வெள்ளை விவசாயிகளோடு சந்தையிற் போட்டியிட்டனர். அவர்களை அப்புறப்படுத்தினால் ஆதாயம். ஆகவே ‘தேசப் பாதுகாப்பு’ என்னும் பெரும் பெயரின் பின்னே கூலிக் கணக்கும் ஒளிந்திருந்தமை வெள்ளிடைமலை.

இத்தகைய நிலையில் 1943 பிப்ரவரி முதல் நாள் 442-ஆவது ரெஜிமெண்டு தோற்றுவிக்கப்பட்டது. ஹவாயில் 1,500 பேர் வேண்டுமென்று கேட்டனர். ஏறத்தாழப் பதினாயிரம் பேர் வந்து நின்றனர். ஹவாய்க் காவற்படையினரைக் கொண்டு முன்னரே, 1942 ஜூனில், 100-ஆவது பெட்டாலியன் அமைக்கப்பட்டிருந்தது. பெருநிலத்து முகாம்களிலிருந்து வந்தவர் ஏறத்தாழ 1,200 பேரே. அதற்கும் காரணமுண்டு. முகாமில் அடைபட்ட ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. 27-ஆம் கேள்வி, ஏவிய இடத்தில் போர்புரியச் சம்மதமா என்பது. 28-ஆம் கேள்வி, அமெரிக்காவுக்கு முழு விசுவாசம் பூண்டு ஜப்பானியச் சக்கரவர்த்தி மீதுள்ள விசுவாசத்தைக் கைவிடச் சம்மதமா என்பது. பூண்டேயிராத விசுவாசத்தை எவ்வாறு கைவிடுவது என்று மைந்தர் திகைத்தனர். பெற்றோர் திகைப்போ வேறு: அமெரிக்கா அவர்களைப் பிரஜையாக ஏற்காது, ஜப்பானையும் துறந்துவிட்டால் எந்நாட்டுக்கும் உரியரல்லாதவராவர். ‘இல்லை’ என்று எழுதியோர் துலே லேக் முகாமுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். ஒரே தாளில் அண்ணன் ‘ஆம்’ எனவும் தம்பி ‘இல்லை’ எனவும் எழுதிப் பிரிந்த வீடுகள் உண்டு.

மிசிசிப்பி மாகாணத்துச் செல்பி பாசறையில் ஹவாய்ப் பையன்களும் பெருநிலத்துப் பையன்களும் முதலில் ஒருவரையொருவர் வெறுத்தனர். ஹவாய்க்காரர் பேச்சு, தோட்டத்தில் பல இனத்தார் கூடிப் பிறந்த கலப்பு மொழி. மற்றவர் அதைக் கேட்டு நகைத்தனர். நகைத்தவர் தலையில் அடி விழுந்தது. பெருநிலத்தான் தலை தரையில் மோதினால் வெற்றுத் தேங்காய் விழுந்தாற் போல் ‘கொட்டோங்க்’ என்று சத்தம் கேட்கும் என்பது ஹவாய்க்காரர் கேலி. அதுவே அவர்களுக்குப் பெயருமாயிற்று. சேனைத் தலைவர் இப்பூசலைத் தீர்க்க இயலாது தவித்து, ஹவாய்ச் சிப்பாய்களை அர்க்கன்சாஸ் மாகாணத்திலிருந்த முகாமுக்கு விருந்தினராக அனுப்பிவைத்தனர். முள்வேலியையும் காவற்கோபுரத்தையும் அவர்கள் அங்கேதான் கண்ணாற் கண்டனர். இந்த வேலிக்குள் நம்மை அடைத்திருந்தால் நாம் பட்டாளத்திற்கு வந்திருப்போமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதாகப் பின்னாளில் செனட்டரான டேனியல் இனோயே நினைவுகூர்ந்திருக்கிறார். திரும்பி வந்த பின் சண்டை ஓய்ந்தது.

‘கோ ஃபார் புரோக்’ என்பது அப்படையின் முழக்கம். கையிலிருப்பதை எல்லாம் ஒரே வீச்சில் பந்தயம் வைத்தல் என்பது அதன் பொருள்; ஹவாய்ச் சூதாட்டக்காரர் பேச்சினின்று வந்தது. நீலத் தளத்தில் சுதந்திர தீபத்தை ஏந்திய கரம் அவர்களுடைய தோட்சின்னம். கழுத்தில் தொங்கிய அடையாள வில்லையில் மதத்தைக் குறிக்கப் புரொட்டஸ்டண்டு, கத்தோலிக்கர், யூதர் மூவர்க்கும் எழுத்து இருந்தது; பௌத்தர்க்கு எழுத்தில்லை. தந்தை கழுத்தில் ஒரு வில்லை, மைந்தன் கழுத்தில் ஒரு வில்லை.

100-ஆவது பெட்டாலியன் 1943 செப்டம்பரில் இத்தாலியின் சலர்னோக் கரையில் இறங்கியது. 1944-இன் தொடக்கத்தில் காசினோப் போரில் அது பட்ட காயங்களைக் கண்டு, காயமுற்றோர்க்கு அளிக்கும் பதக்கத்தின் பெயரால் ‘பர்ப்பிள் ஹார்ட் பெட்டாலியன்’ என்றே அழைக்கலாயினர். ஜூன் மாதம் அது 442-உடன் இணைந்தது. இத்தாலிப் போர்களை யாம் விரித்துரைக்கவில்லை; பிரான்சில் வோஷ் மலைக்காட்டில் நடந்ததே இங்கு முக்கியம். ஆட்டக்காரர்களும் அதனையே பெரிதும் விரும்பிக் கேட்கின்றனர்.

1944 அக்டோபர். இடைவிடாத மழை, குளிர், அடர்ந்த ஊசியிலைக் காடு. பகைவர் பீரங்கிக் குண்டுகள் மரவுச்சிகளில் வெடித்து, இரும்புச் சில்லையும் மரச் சிராய்களையும் ஒருங்கே தலைமேற் பொழிந்தன. புருயேர் பட்டணத்தை மீட்டு, பிஃபோந்தேன் சிற்றூரையும் மீட்டு, இரண்டு நாள் இளைப்பாறு முன்னரே அவர்களை மீண்டும் முன்னே தள்ளினர். டெக்ஸாஸ் மாகாணத்துப் பெயர் தாங்கிய 36-ஆவது டிவிஷனைச் சேர்ந்த ஒரு பெட்டாலியன், சேனாதிபதி டால்க்விஸ்டின் கட்டளைப்படி அளவுக்கு மீறி முன்னேறிச் சென்று, ஜெர்மானியரால் நாற்புறமும் சூழப்பட்டிருந்தது. மற்றைப் பெட்டாலியன்கள் முயன்று முடியாமற்போக, மீட்கும் பணி 442-இன் தலையில் விழுந்தது. மரத்துக்கு மரம் ஊர்ந்து சென்றனர். அக்டோபர் 29-ஆம் நாள், இருபுறமும் சரிவான ஒரு குன்றின் முதுகில், முன்னே செல்வதன்றி வேறு வழியில்லாத இடத்தில், சிப்பாய்கள் எழுந்து ஓடினர். அவர்களுள் ஒருவன் பார்னி ஹஜிரோ. மாவுயித் தீவின் புனெனே கரும்புத் தோட்டத்திற் பிறந்து, பள்ளிப் படிப்பை விட்டுக் கரும்புக் காட்டில் வேலைக்குப் போனவன். தனியொருவனாய் இரண்டு இயந்திரத் துப்பாக்கி நிலைகளை அழித்துக் காயமுற்று வீழ்ந்தான். மறுநாள் 211 டெக்ஸாஸ் பெட்டாலியன் வீரர் மீட்கப்பட்டனர். அவர்களை மீட்க 442 கொடுத்த விலை, மாண்டோரும் காயமுற்றோருமாக, எண்ணூறு வரை என்பர். நூற்றெண்பது பேருக்கு மேல் இருக்க வேண்டிய ‘கே’ கம்பெனியில் நிற்க முடிந்தவர் பதினேழு பேர். ‘ஐ’ கம்பெனியில் எட்டுப் பேர். பின்னர் அணிவகுப்பைப் பார்வையிட வந்த டால்க்விஸ்டு, எல்லோரையும் வரச்சொன்னேனே, மற்றவர் எங்கே என்று சினந்ததாகவும், எஞ்சியவர் இவ்வளவே என்று பதில் வந்ததாகவும் கூறப்படுகிறது.

இதனைத் திரையில் ஆட்டமாக்குவது கடினமன்று. காடு உண்டு, குன்று உண்டு, மீட்க வேண்டியவர் உண்டு. துப்பாக்கியும் நேரக்கணக்கும் உண்டு. சிப்பாயின் முகத்தை மாற்றித் தோளில் தீபச் சின்னத்தை ஒட்டினால் போதுமென ஆட்டம் செய்யும் கம்பெனிக்காரர் கருதலாம். அங்கேதான் நமக்கு ஆட்சேபம். வீழ்ந்தவன் சில நொடியில் எழும் ஆட்டத்தில், பதினேழு பேர், எட்டுப் பேர் என்ற எண்களுக்கு அர்த்தமே இராது. அதை ஆட்டத்தின் இயல்பென்று விட்டுவிடலாம். சினிமாவிலும் நாடகத்திலும் செத்தவன் திரைக்குப் பின்னே எழுந்து தேநீர் குடிக்கத்தான் செய்கிறான். விடக்கூடாதது முள்வேலி. மகன் மாண்டான் என்னும் தந்தி, காவற்கோபுரத்தின் கீழே, சிறையிருந்த தாயின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1945 ஏப்ரல் 5-ஆம் நாள் இத்தாலியில், வந்து விழுந்த கைக்குண்டின் மேல் தானே பாய்ந்து தோழரைக் காத்து உயிர் நீத்த சடாவோ முனெமோரியின் தாய் அப்போது மன்சனார் முகாமில் இருந்தாள். வேலியை விட்டுவிட்டு வீரத்தை மட்டும் காட்டினால், பார்க்கும் பிள்ளைக்கு இப்படை அமெரிக்காவின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே தோன்றும்.

இதனினும் நுட்பமான வேறொரு பொய்யும் உண்டு. இரத்தம் சிந்தி இவர்கள் தம் உரிமையைச் ‘சம்பாதித்தனர்’ என்று மேடைகளில் பேசுவோர் பலர். சம்பாதிப்பதற்கு அது என்ன கூலியா? பிறந்த நாளன்றே அவ்வுரிமை அவர்களுடையது. பிடுங்கிக்கொண்டவன் திருப்பிக் கொடுப்பதற்கு உயிரை விலையாகக் கேட்டான் என்பதே நேரான பேச்சு. விலை கொடுத்த பின்னரேனும் பொருள் கைக்கு வந்ததா என்றால் அதுவும் உடனே வரவில்லை. வோஷ் காட்டுப் போர் முடிந்து ஏழு வாரம் கழித்து, டிசம்பர் 18-ஆம் நாள், கொரெமட்சு வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றம் சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதற்குச் சில நாள் முன்னர், ஆரிகன் மாகாணத்து ஹூட் ரிவர் என்னும் ஊரில், போருக்குச் சென்றோர் பெயர்ப் பலகையிலிருந்து ஜப்பானியப் பெயர்கள் பதினாறு அழிக்கப்பட்டன. நாடெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே மீண்டும் எழுதப்பட்டன. வலக்கையை இத்தாலியில் இழந்து, மார்பில் பதக்கங்களோடு தாய்நாடு திரும்பிய இனோயேக்குச் சான்பிரான்சிஸ்கோவில் முடிவெட்ட மறுத்தான் ஒரு நாவிதன்.

1946 ஜூலை 15-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் கொட்டும் மழையில் ஜனாதிபதி ட்ரூமன் இப்படையைப் பார்வையிட்டுக் கௌரவித்தார். போர்க்காலத்தை அடுத்து ‘மெடல் ஆஃப் ஹானர்’ என்னும் மிக உயர்ந்த பதக்கம் இவர்களுள் ஒருவனுக்கே, மாண்டு போன முனெமோரிக்கே, கிடைத்தது. மற்றவர் பலருக்கு அதனினும் ஒரு படி தாழ்ந்த பதக்கம். அப்பதிவுகளை மறுபரிசீலனை செய்து, 2000 ஜூன் 21-ஆம் நாள் ஜனாதிபதி கிளிண்டன் இருபது பேருக்கு உயர்ந்த பதக்கத்தை வழங்கினார். பெரும்பாலோர் உயிரோடில்லை. ஹஜிரோ இருந்தார், வயது எண்பத்துமூன்று. முகாம்களில் அடைபட்டு உயிரோடிருந்தோர்க்குத் தலைக்கு 20,000 டாலரும் சர்க்காரின் மன்னிப்பும் வழங்கும் சட்டம் 1988-இல் வந்தது.

ஹவாயிலோ பலன் விரைந்து வந்தது. திரும்பிய சிப்பாய்கள் சர்க்கார் உதவிப்பணத்தில் சட்டமும் பொருளியலும் கற்றனர். தோட்ட முதலாளிகளின் கைக்குள் நெடுங்காலம் இருந்த சட்டசபையை 1954-ஆம் ஆண்டுத் தேர்தலில், துறைமுக, தோட்டத் தொழிலாளர் சங்கங்களின் துணையோடு, அவர்கள் கைப்பற்றினர். லூனாவின் சவுக்கைக் கண்ட கிழவர்கள் அத்தேர்தல் முடிவைக் கேட்க உயிரோடிருந்தனர். எமக்கு அப்படையின் வெற்றிகளுள் இதுவே மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. எந்த ஆட்டத்திலும் இதற்கு இடமிராது என்பதும் தெரியும்.

இன்னொரு கூட்டத்தாரையும் மறத்தலாகாது. 1944-இல் கட்டாயச் சேவைச் சட்டம் முகாம்களுக்குள்ளும் செலுத்தப்பட்டபோது, வயோமிங் மாகாணத்து ஹார்ட் மவுண்டன் முகாம் இளைஞர் சிலர், எங்கள் பெற்றோரை விடுதலை செய்து எங்கள் பிரஜாவுரிமையைத் தெளிவாக்குங்கள், பிறகு வருகிறோம் என்று கூறிப் பட்டாளத்துக்குப் போக மறுத்தனர். அறுபத்துமூவர் ஒரே வழக்கில் விசாரிக்கப்பட்டு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். ட்ரூமன் 1947 டிசம்பரில் அவர்களை மன்னித்தார். அவர்களுடைய சொந்த ஜனங்கள் மன்னிக்கவில்லை. போருக்குச் சென்றோரும் சிறைக்குச் சென்றோரும் ஒரே தெருவில் வாழ்ந்தும் முகங்கொடுத்துப் பேசாதிருந்த ஆண்டுகள் பல. போர்க்காலத்தில் அவ்விளைஞரைக் கண்டித்த ஜப்பானிய அமெரிக்கப் பிரஜைகள் சங்கம் அவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2002-ஆம் ஆண்டில். அப்பொழுது அறுபத்துமூவரில் பலர் மாண்டு போயிருந்தனர்.